வேலிக்கு மேலே தூக்கிப் போட்ட துவரை

என் கண்ணான வடிவக்காவுக்கு,

உன் தம்பி குமரேசன் எழுதுகிறேன். நீ போய் ஒரு வருசமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டன. பட்டாளத்தில் இருந்தபோது உனக்கு நான் எழுதிய கடிதங்களில் 'நான் நலம், நீ நலமா, இங்கே குளிர் அதிகம்' என்பதைத் தாண்டி ஒன்றும் இருக்காது. 'ஏலே, இதுக்கு எதுக்கு ஒட்டி அனுப்புத, கார்டுல எழுதலாம்லா, மறைக்க என்ன இருக்கு' என்று பதில் போடுவாய்.

இப்போது மறைத்தது ஒன்று இருக்கிறது. அதை எல்லோரும் படிக்கும்படிதான் எழுதுகிறேன். பொய்யை ஊர் கேட்கச் சொன்னவன், உண்மையை மட்டும் உன் படத்துக்கு முன்னால் முணுமுணுத்துவிட்டுப் போனால் நியாயமா?

இலஞ்சியில் இப்போது சாரல். மூன்று நாளாக மலை கண்ணில் படவில்லை. துணி காயவில்லை, சுவரெல்லாம் பச்சை பிடித்திருக்கிறது, பின்கட்டில் கிடக்கிற பழைய பலாக்கட்டையில் காளான் கூட்டங்கூட்டமாக வந்திருக்கிறது. செத்த கட்டையில் எதைத் தின்று வருகிறதோ என்று நான் நினைக்கும்போதே, 'செத்ததைத் தின்னுதான் வருதுலே, அதுக்கு வெயிலும் வேண்டாம் இலையும் வேண்டாம்' என்று நீ உள்ளேயிருந்து சொல்வதுபோலக் கேட்கிறது. உன் சந்தனக் கன்றுகளில் மிஞ்சியவை என் தலைக்கு மேல் போய்விட்டன. போன மாதம் ஒன்று பூத்தது. நெல்மணி அளவுப் பூ, முதலில் வெளிறலாக இருந்து பிறகு கருஞ்சிவப்பாக மாறியது. குனிந்து மோந்து பார்த்தேன், மணமே இல்லை. நீ இருந்தால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பாய்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ குறுக்கே பேசாதே. அக்கா தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருசம் லேப் அசிஸ்டெண்டாக இருந்தாள். பாடம் நடத்துகிற டீச்சர்மார் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். இலையை வேகவைத்து, ஸ்பிரிட்டில் பச்சை போக வெளுக்கவைத்து, அயோடின் சொட்டுவிட்டு, அது கருநீலமாக மாறுவதைத் தட்டில் வைத்து நீட்டியது இவள்தான். வெயிலில் நின்ற இலையில் மாவு இருக்கும், கருப்புத் தாள் சுற்றிவைத்த இலையில் இருக்காது என்பதை இவள் அளவுக்குத் தடவை தடவையாகக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. அந்தப் பழக்கத்தில் வீட்டு டப்பாக்களிலும் வெள்ளைத் தாள் ஒட்டி எழுதிவைப்பாள். சீனி டப்பாவில் 'சீனி. ஈரக் கை ஆகாது' என்று இருக்கும்.

அப்பா செத்தபோது நான் நாலாம் வகுப்பு. என்னை வளர்த்ததும் படிக்கவைத்ததும் ரயிலேற்றிப் பட்டாளத்துக்கு அனுப்பியதும் நீ. உனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. கேட்டால், 'மாப்ள பாக்க யாருக்குலே நேரம் இருந்துச்சு' என்பாய். அதில் குறை சொல்லும் தொனி இருக்காது. எனக்குத்தான் அதைக் கேட்டுவிட்டுச் சோறு இறங்காது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த அப்பாவின் நிலத்தில் சந்தனம் வைத்தாய். நெல்லையும் தென்னையையும் பார்த்து வளர்ந்த ஊர், சந்தனம் வைத்தால் போலீஸ் வரும் என்று பயம் காட்டியது. இப்போது வீட்டு நிலத்தில் வைக்கலாம், பதிவு செய்தால் போதும் என்று ஒவ்வொருத்தரிடமும் நின்று விளக்கினாய். அதே வருசம்தான் என் மனைவி செல்வி போய்ச் சேர்ந்தாள். மகள் கல்யாணமாகி பெங்களூரில் இருந்தாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன்னிடமே வந்துவிட்டேன். ஏன் வந்தாய் என்று நீ கேட்கவில்லை. உலையில் இன்னொரு பிடி அரிசியைப் போட்டாய்.

அப்புறம் பேச்சியக்கா. பக்கத்து நிலம் அவளுடையது. எட்டாம் வகுப்புவரை உன்னோடு ஒரே பெஞ்சு. புருசன் இல்லை, மகள் வெளியூரில், ஆறேழு ஆடுகளை வைத்துப் பிழைத்தாள். காலையில் உன் அடுப்படிக் காப்பி அவளுக்கு, அவள் கொட்டில் புழுக்கை உன் செடிகளுக்கு. சந்தனத்துக்குப் பக்கத்தில் போட அவள்தான் தன் வீட்டு நாட்டுத் துவரையை மடியில் கட்டிக்கொண்டு வந்து தந்தாள். இரண்டு மூன்று வருசம் நின்று காய்க்கிற நெட்டை ரகம். நீங்கள் இரண்டு பேரும் குனிந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி ஊன்றியபோது நான் இங்கே இல்லை. அதனால்தான் எனக்கு ஒரு இழவும் தெரியாமல் போனது.

அந்தப் பங்குனியைச் சொல்கிறேன். நாலு வருசம் ஆயிற்று. கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தன. நீ செங்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய், அப்படியே புனலூர் சித்தியையும் பார்த்துவிட்டு நாலு நாளில் வருவதாகச் சொல்லிப் போயிருந்தாய். கன்றுகளைப் பதிவு செய்ய வனத்துறையிலிருந்து ஆள் வருவார் என்று நீ போன மறுநாள் தகவல் வந்தது. எனக்குக் கை பரபரத்தது.

மேலதிகாரி வருகிறார் என்றால் பட்டாளத்தில் என்ன செய்வோம்? புல்பூண்டு இல்லாமல் பிடுங்கி, தரையைச் சீவி, பாதையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிப்போம். நான் வேறென்ன கண்டேன்? ஆற்றங்கரையிலிருந்து உருண்டைக் கல்லாகப் பொறுக்கிவந்து ஒவ்வொரு கன்றையும் சுற்றி வட்டமாக வைத்தேன். சுண்ணாம்பு கலக்கி அடித்தேன். கல் பளிச்சென்று இருந்தது, பக்கத்தில் துவரை ஆளுயரத்துக்குக் கோணல்மாணலாக நின்றது. சந்தனத்தின் எருவையும் தண்ணீரையும் இது தின்கிறது, அக்காவுக்கு இதைப் பிடுங்கத் தெம்பில்லை போலும் என்று எனக்கு நானே பெரிய மனுசனாக நினைத்துக்கொண்டேன். ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கினேன். வேர் வரும்போது மண்ணுக்குள் ஏதோ நரம்பு அறுவதுபோலச் சத்தம் கேட்டது. புல்வேர் என்று நினைத்தேன்.

பிடுங்கியதைக் கட்டுக்கட்டாக வேலிக்கு மேலே தூக்கிப் பேச்சியக்கா பக்கம் போட்டேன். அவள் அன்றைக்கு நூறுநாள் வேலைக்குப் போயிருந்தாள். அவள் ஆடுகள் வந்து தின்றன. ஆகவே, ஆடு தின்றது பொய்யில்லை, அக்கா. அதுதான் என் பொய்க்குக் கால் கொடுத்தது.

நீ பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைக்கூட உள்ளே வைக்காமல் தோட்டத்துக்கு வந்தாய். வெள்ளைக் கல்லைப் பார்த்து 'சபாஷ்' என்பாய் என்று நான் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தேன். உன் முகம் அப்படியே வெளுத்துப் போயிற்று.

"ஏலே கொமாரு, தொவரை எங்கலே?"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஏதோ பெரிய தப்புப் பண்ணிவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது, என்ன தப்பென்று தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது. "பேச்சி ஆடு பூந்துட்டு" என்றேன். ஆடா வேரோடு பிடுங்கியது என்று கேட்டாய். மொட்டையாகக் கடித்துப் போட்டிருந்தது, பார்க்க அசிங்கமாக இருந்ததால் அடிக்கட்டையை நான்தான் பிடுங்கினேன் என்று அதற்கு ஒரு பொய். எல்லையில் நின்றவன், குண்டுச் சத்தம் கேட்டவன் என்று ஊரில் பெயர். வயதான அக்காவின் ஒரு கேள்விக்கு நேரே நிற்க முடியவில்லை.

மண்வெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பழைய கரண்டியால் ஒரு கன்றின் அடியைத் தோண்டினாய். வெள்ளை வேரில் பாதி மிளகு அளவுக்குச் சின்னச் சின்ன முண்டுகள் இருந்தன. ஒரு முண்டில், பிய்ந்த துவரை வேரின் துணுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் தொட்டுக் காட்டினாய்.

"இலைதாம்லே அடுப்படி. சந்தனத்துக்கு அடுப்பு சொந்தமா இருக்கு, சோறு அதுவே பொங்கிக்கிடும். தண்ணிக்கும் உப்புக்கும்தான் பக்கத்து வீடு. தொவரை வேருல வாய வச்சுக் குடிச்சிக்கிட்டு நின்னுச்சு. இப்போ வெறும் வாயோட நிக்கு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். உன் கையில் மண் ஒட்டியிருந்தது, நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, பேச எனக்கு ஒரு முழு நிமிடம் இருந்தது. 'நாந்தான்க்கா, தெரியாமப் பிடுங்கிட்டேன்' என்றிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? திட்டியிருப்பாய், ஒரு வாரம் மூஞ்சி கொடுத்திருக்க மாட்டாய், எட்டாம் நாள் குழம்பு ஊற்றியிருப்பாய். அவ்வளவுதானே? ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

நீ நேரே வேலிக்குப் போய்ப் பேச்சியக்காவைக் கூப்பிட்டாய். நான் பின்னால் நின்றேன். என் ஆடு உன் வேலி தாண்டாது வடிவு என்று அவள் முதலில் சொன்னாள். தின்ற மிச்சம் உன் பக்கம்தானே கிடக்கிறது என்று நீ கேட்டாய். அவள் திரும்பிக் கீழே கிடந்ததைப் பார்த்தாள், பிறகு உன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்ததாக எனக்கு ஞாபகம். "சரி. என் ஆடுதான். இனி கெட்டிப் போட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கிழவிக்குப் பயம் பிடித்துவிட்டது, பிழைத்தோம் என்று நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சை நினைத்தால் இன்றைக்கு எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் காப்பிக்கு வரவில்லை. ஒரு வார்த்தை 'தப்புதான்' என்று சொல்லிவிட்டு அவள் வரட்டும் என்று நீ காத்திருந்தாய். செய்யாத தப்புக்கு எப்படி வந்து சொல்வாள்? உன் ரோசம் ஊருக்கே தெரியும், அவள் ரோசமும் அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை. நடுவில் நான், இரண்டு பேர் கண்ணிலும் படாமல், கல்லுக்கு வெள்ளையடித்துக்கொண்டு இருந்தேன்.

வனத்துறைக்காரர் வந்தார். கல்லைப் பார்த்தார், கன்றுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லையே என்று கேட்டார். அவரிடமும் ஆட்டுக் கதையைச் சொன்னேன். பஸ் ஸ்டாப் டீக்கடையில் கேட்டவர்களிடமும் சொன்னேன். பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது நடந்ததுபோலவே ஆகிவிடுகிறது, அக்கா. ஆடு எந்த இடத்தில் வேலியை முட்டியது என்றுகூட நான் கைகாட்டிச் சொல்ல ஆரம்பித்திருந்தேன். பேச்சியக்கா ஆடு பத்திக்கொண்டு போனால், 'சந்தனம் தின்ன ஆடு வருது, பயிர மறைங்கடே' என்று டீக்கடையில் சிரிப்பார்கள். யாரும் மேய்ச்சலுக்கு விடவில்லை. ஆடி பிறக்கும் முன் அத்தனை ஆட்டையும் விற்றுவிட்டாள். சீசனுக்குக் குற்றாலத்தில் பழக்கடையில் நிற்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டோம். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

நீ கடைத் துவரை வாங்கி மறுபடி ஊன்றினாய். அது முளைத்து வேர்விட்டுச் சந்தனத்தைத் தொடுவதற்குள் சித்திரை வெயில் வந்துவிட்டது. முதலில் இளம் இலை மஞ்சளாயிற்று, பிறகு நுனி கருகியது. இலை பச்சையாக இருந்தால்தானே அடுப்பு எரியும் என்று ஒவ்வொரு கன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டு நடப்பாய். குடம் குடமாக நான் ஊற்றிய தண்ணீரை அவற்றால் குடிக்க முடியவில்லை. சாரல் வந்தபோது பாதிதான் மிஞ்சியிருந்தது.

அப்புறம் மூன்று வருசம். நீயும் பேச்சியக்காவும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருமிக்கொண்டு, பேசாமல் கிழவிகளானீர்கள்.

உனக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தென்காசி ஆசுபத்திரியில் மாடி வார்டு. கஞ்சி இறங்கவில்லை, இளநீர் இறங்கவில்லை, கையில் ஊசி குத்திப் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாய். "நானும் சந்தனமாயிட்டேம்லே, அடுத்தவன் தண்ணியக் குடிச்சுக் கெடக்கேன்" என்று சொல்லிச் சிரித்தாய். நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இனி எழுதப்போவதுதான் நான் உன்னிடம் சொல்ல வந்தது, அக்கா. துவரையைப் பிடுங்கியது அறியாமல் செய்தது. பொய் பயத்தில் வந்தது. இது அப்படியில்லை.

ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து, "பேச்சிய ஒரு எட்டு வரச் சொல்லுதியா?" என்று கேட்டாய். தப்பு அவளுடையது என்று நம்பிக்கொண்டே கேட்டாய். மூன்று வருசத்து ரோசத்தை அப்படியே கீழே போட்டுவிட்டாய். நான் பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் கூட்டிவந்திருக்கலாம். அவள் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று நினைத்தேன். நீ கண்ணை மூடும் முன் என்னைப் பொய்யன் என்று தெரிந்துகொண்டு போய்விடுவாயே என்று பயந்தேன். மகள் வீட்டுக்குத் திருவனந்தபுரம் போயிருக்கிறாள் என்று சொன்னேன். 'அப்படியா, வந்ததும் சொல்லு' என்றாய். அடுத்த நாளும் கேட்டாய். அதற்கு அடுத்த நாளும் கேட்டாய். பிறகு கேட்கவில்லை.

உன்னைத் தூக்கும்போது பேச்சியக்கா எதிர்ச்சாரியில், மின்சாரக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள். வாய்க்கரிசி போட உள்ளே வரவில்லை. வாங்கக்கா என்று கூப்பிட வேண்டியவன் நான்தான். கூப்பிடவில்லை. பதினாறாம் நாள் விசேஷத்துக்கும் சொல்லி அனுப்பவில்லை.

இந்த வைகாசியில் சாரலுக்கு முன்னால் புதிதாகத் துவரை போடலாம் என்று உன் விதை டப்பாக்களைக் கிளறினேன். அடியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். உன் கையெழுத்தில், 'பேச்சி தொவரை. விதைக்கு மட்டும். சமைக்காதே.' சண்டைக்கு முன்னால் அவள் தந்ததில் மிச்சம். கடைத் துவரை வாங்கி ஊன்றினாயே தவிர, இதை நீ எடுக்கவுமில்லை, எறியவுமில்லை. பாதியில் வண்டு விழுந்திருந்தது. ஓட்டை விழாததை முறத்தில் கொட்டிப் பொறுக்கினேன். பாதியிலேயே கை நின்றுவிட்டது. முறத்தை அப்படியே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு குற்றாலம் பஸ் ஏறினேன்.

மெயின் அருவிக்குப் போகிற சாலையில் சீசன் இன்னும் சூடு பிடிக்கவில்லை. ஈரத் துண்டோடு அங்கங்கே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பேச்சியக்கா மங்குஸ்தானை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், 'என்னலே, பழம் வேணுமா' என்றாள், நேற்றுப் பார்த்தவள்போல. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைக் கல்லிலிருந்து, வேலிக்கு மேலே தூக்கிப் போட்டதுவரை. நடுவில் ஒரு குடும்பம் வந்து ரம்புட்டானுக்குப் பேரம் பேசியது. அவர்கள் போகும்வரை வாயை மூடிக்கொண்டு நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

"தெரியும்லே" என்றாள். கை அடுக்குவதை நிறுத்தவில்லை. ஆடு தின்ற மிச்சத்தில் வேர் கிடந்ததாம். எந்த ஆடு வேரோடு பிடுங்கி, வேலிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டுத் தின்னும் என்று கேட்டாள். அன்றைக்கு வேலியில் நிற்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் என்னை அப்படிப் பார்த்திருக்கிறாள்.

பிறகு ஏன் உங்கள் ஆடு என்று ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"ஒங்கக்கா முப்பது வருசமா ஒத்தைக்குப் பொங்கித் தின்னவ. நீ வந்த பொறவுதான் ரெண்டு வேளை ஒலை வச்சா. தம்பி வாயில பொய் வரும்னு தெரிஞ்சா, வீட்டவிட்டுப் போலேன்னு சொல்லிருவா, அவ கொணம் எனக்குத் தெரியும்லா. பழி எம்மேல விழுந்தா ஆடு போவும். நீ போயிட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

அக்கா, உன் சந்தனத்துக்குத் துவரை தந்தவளும் அவள், உனக்கு என்னைத் தந்தவளும் அவள். இது தெரியாமலேயே நீ போனாய். தெரியவிடாமல் செய்தவன் நான். நான் அங்கே ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பழப்பெட்டியைத் திருப்பிப் போட்டு அதில் உட்காரச் சொன்னாள்.

பிறகு தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் கேட்டாள்.

"கடைசியில என்னத் தேடுனாளா?"

இல்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், அக்கா. நாலு வருசமாகப் பழகிய வாய். ஆனால் இனி ஒரு பொய்க்கு என்னிடம் இடமில்லை. தேடினாள், மூன்று நாள் கேட்டாள், நீங்கள் திருவனந்தபுரத்தில் இருப்பதாக நான்தான் சொல்லிவிட்டேன் என்றேன்.

அவள் கை நின்றது. ஆட்டை விற்றபோதும், ஊர் சிரித்தபோதும், என் வாயால் எல்லாவற்றையும் கேட்டபோதும் கலங்காத முகம். தட்டைக் கீழே வைத்தாள். "இத மட்டும் நீ எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாம்லே" என்றாள்.

அதற்குள் யாரோ வந்து மங்குஸ்தான் கேட்டார்கள். எழுந்து நிறுத்துக் கொடுத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன். வந்து இறங்கியதும் டீக்கடையில் நின்று, ஆட்டுக் கதையை யார் யாரிடம் சொன்னேனோ அவர்களில் இருந்தவர்கள் அத்தனை பேரிடமும் நடந்ததைச் சொன்னேன். ஒருத்தன் சிரித்தான். மற்றவர்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

முறத்தில் பொறுக்கிவைத்த விதையை மறுநாள் சந்தனத்துக்கு நடுவே ஊன்றினேன். பாதி முளைத்திருக்கிறது. வெள்ளைக் கல்லையெல்லாம் எடுத்து ஆற்றோரமே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். தரை இப்போது புல்லும் செடியுமாகக் கண்டபடி கிடக்கிறது. கை பரபரக்கும்போது உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

நான் சொல்லாமலே இருந்திருக்க வேண்டுமா, அக்கா? நீ கூப்பிடவில்லை என்ற நினைப்போடு அவள் நிம்மதியாக இருந்திருப்பாளா, அல்லது அதுவே அவளைத் தின்றுகொண்டிருந்திருக்குமா? யாரிடம் கேட்பது? கேட்க வேண்டிய இரண்டு பேரில் ஒருத்தி நீ.

மகள் தினமும் போன் பண்ணுகிறாள். வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூருக்கு வாங்கப்பா, ஒத்தையில் அங்கே என்ன செய்கிறீர்கள் என்கிறாள். முதலில் சரி என்றுதான் சொல்லியிருந்தேன், பெட்டிகூட எடுத்துவைத்தேன். இப்போது வரவில்லை என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டாள், அவளுக்கும் முழுக்கச் சொன்னேன்.

பேச்சியக்கா இன்னும் என்னைத் திட்டவில்லை, அக்கா. அன்றைக்கு அவளுக்கு வாய் வரவில்லை. ஒருநாள் வரும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அவள் வாய்விட்டுத் திட்ட வரும்போது நான் வீட்டில் இருப்பேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன் உலையில் சோறு தின்று வளர்ந்த,
உன் கூடப்பிறந்தவன்,
குமரேசன்